எஃகின் கூரும் உரமும்

யாழ்ப்பாணத்து நல்லூரில் எழுந்தருளியிருக்கும் கந்தசுவாமி கோயிலின் மூலத்தானத்திலே மனித வடிவான திருவுருவம் இல்லை. அங்கே வழிபடப்பெறுவது வேல். 25 நாள் நிகழும் ஆண்டுப் பெருவிழாவில் இலட்சக்கணக்கான மக்கள் கைகூப்பி நிற்பதும் அந்த வேலின் முன்னிலையிலேதான். பண்டைத் தமிழில் 'எஃகு' என்னும் சொல்லும் வேலையும் ஏனைய படைக்கலங்களையும் குறித்து நின்றது; கூர்மை என்னும் பொருளும் அதற்கு உண்டு. உலோகத்தின் பெயராக இன்று வழங்கும் சொல், முதலில் கருவியின் பெயராகவும் அதன் குணத்தின் பெயராகவும் இருந்தது என்பது சிந்திக்கத்தக்கது.

ஆயினும் கூர்மை ஒன்றினாலேயே ஒரு கருவி சிறப்படைந்துவிடுவதில்லை. தீட்டிய கூர் நெடுநாள் நிற்க வேண்டும். அதே கருவி, ஓங்கி அடித்தால் உடையாமல் தாங்கவும் வேண்டும். முதலாவதைக் கூர் என்றும் இரண்டாவதை உரம் என்றும் இங்கே வழங்கலாம். இவ்விரு குணங்களும் எளிதில் ஓரிடத்தில் ஒன்றுசேர்வன அல்ல. ஒன்று வளர மற்றொன்று தேய்வதே எஃகின் இயல்பு. இப்பகையை இணக்கிவைக்க மனிதன் செய்த முயற்சியின் வரலாறுதான் பெரும்பாலும் எஃகின் வரலாறு. அவ்வரலாற்றில் இலங்கைக்கும் தமிழகத்துக்கும் உரிய இடம் சிறியதன்று.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலேயே இதற்கு ஓர் எளிய உதாரணம் உண்டு. பனையே இந்நாட்டின் கற்பகதரு. அந்த ஒரே மரத்தை நாடிச் செல்லும் இருவர் கைகளில் முற்றிலும் வேறுபட்ட இரு கருவிகள் இருக்கின்றன. சீவல் தொழிலாளி பனையுச்சியில் ஏறிப் பாளையின் நுனியை நாள்தோறும் மெல்லிய சீவலாகச் சீவுகிறான். சீவிய முகம் நசுங்கினால் கள் ஒழுங்காகச் சுரவாது. ஆகவே அவன் இடையில் தொங்கும் பாளைக்கத்தி மயிரையும் அரியத்தக்க கூருடையதாய் இருத்தல் வேண்டும். அது எதனையும் ஓங்கி வெட்டுவதில்லை; எனவே அதிர்ச்சியைத் தாங்க வேண்டிய தேவையும் அதற்குக் குறைவே. மரந்தறிப்பவன் நிலையோ வேறு. முதிர்ந்த பனையின் வெளிவைரம் கருநார் செறிந்து கல்லைப் போன்றது. வளைக்கும் சிலாகைக்கும் அதனைப் பிளக்கும் கோடரி, ஒவ்வோர் அடியிலும் பேரதிர்ச்சிக்கு உள்ளாகிறது. பாளைக்கத்தியின் எஃகைக் கோடரிக்கு வைத்தால் வாய் சிதறிப் பல்லுப்பல்லாகப் போய்விடும். கோடரியின் பதத்தில் பாளைக்கத்தியைச் செய்தால் பொழுது சாய்வதற்குள் கூர் மழுங்கிவிடும். இரண்டையும் ஒரே உலையில் அடித்துக் கொடுக்க வேண்டியவன் கொல்லன்.

அந்தக் கொல்லனுக்கு யாழ்ப்பாண மண் இரும்பை வழங்கியதில்லை. குடாநாடு சுண்ணாம்புக்கல் நிலம். அதன் செம்மண்ணுக்கு நிறம் அளிப்பது இரும்பின் துருவே என்றாலும், அது உலையிலிட்டு உருக்கத்தக்க தாது அன்று. இருந்தும் மிகப் பழங்காலத்திலேயே இங்கு இரும்பு வந்துவிட்டது. நல்லூருக்கு மேற்கே சில கல் தொலைவிலுள்ள ஆனைக்கோட்டையில் 1980ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் நிகழ்த்திய அகழாய்வில், பெருங்கற்காலப் பண்பாட்டைச் சேர்ந்த ஈமக்குழிகள் வெளிப்பட்டன. கறுப்புச் சிவப்பு மட்கலங்களும் இரும்புப் பொருள்களும் புகழ்பெற்ற முத்திரையும் அங்கே கிடைத்தன. தாதில்லாத நிலத்தில் இரும்பு கிடைக்கின்றது என்றால், அது தெற்கே வன்னிக்கு அப்பாலிருந்தோ கடல் கடந்து தமிழகத்திலிருந்தோ வந்திருத்தல் வேண்டும். ஆகவே யாழ்ப்பாணத்துக் கொல்லன் தொடக்கந்தொட்டே பிறர் உருக்கிய உலோகத்தை வாங்கி, அதன் குணமறிந்து, பயனுக்கு ஏற்பப் பதப்படுத்துபவனாக வாழ்ந்தான். உருக்கும் கலையைக் காட்டிலும் பதம் அறியும் கலையே அவனுக்கு உரியதாயிற்று.

பதம் என்பது யாது? தூய இரும்பு மென்மையானது. வளையும், ஆனால் எளிதில் உடையாது. அதிலே கரியின் கூறாகிய காபன் சிறிதளவு கலந்துவிட்டால் அது எஃகாகிறது. நூற்றுக்கு அரைப் பங்கு அல்லது சிறிது மிகுதியாகக் காபன் இருந்தால் உரம் மிக்க எஃகு. நூற்றுக்கு ஒரு பங்கும் அதற்கு மேலும் இருந்தால் கூர் நிற்கும் எஃகு. இந்த எஃகைச் செந்நிறமாகக் காய்ச்சித் திடீரென நீரில் அமிழ்த்தும்போது, காபன் வெளியேற வழியின்றி இரும்பின் உள்ளேயே சிறைப்படுகிறது. அதனால் உலோகம் கண்ணாடியைப் போல வன்மை அடைகிறது. கண்ணாடியைப் போலவே நொறுங்கும் இயல்பையும் பெறுகிறது. இதற்கே தோய்ச்சல் என்று பெயர்.

தோய்ச்சலோடு வேலை முடிந்துவிடுவதில்லை. தோய்த்த கருவியை மீண்டும் இளஞ்சூட்டில் காட்ட வேண்டும். அப்பொழுது துலக்கிய வாயிலே நிறங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். ஏறத்தாழ 230 பாகை செல்சியசில் வைக்கோல் நிறம் தோன்றும். 280 பாகை அளவில் ஊதா. 300 பாகையை அடுத்து நீலம். வைக்கோல் நிறத்தில் நிறுத்தினால் வன்மை பெரிதும் எஞ்சியிருக்கும். அது கத்திக்குப் பொருந்தும். ஊதாவரை விட்டால் வன்மை சிறிது குறைந்து உரம் கூடும்; அது கோடரிக்கு ஏற்றது. நீலத்துக்குச் சென்றால் வில்லைப் போல வளைந்து நிமிரும் தன்மை வரும். வெப்பமானி எதுவுமின்றிக் கண்ணால் நிறம் பார்த்து, ஒரு கணம் முந்தாமலும் பிந்தாமலும் நீரில் தோய்ப்பதிலே கொல்லனின் திறமை முழுவதும் அடங்கியிருந்தது. வெயில் ஒளியில் இந்நிறங்கள் கண்ணுக்குத் தப்பிவிடும். பட்டறைகள் நிழலும் இருளும் சூழ அமைந்திருந்ததற்கு இது ஒரு நற்காரணம்.

இரு குணங்களையும் ஒரே கருவியில் பெறுவதற்குக் கொல்லர் கண்ட மற்றொரு வழி, இரு உலோகங்களை ஒன்றிணைப்பது. கோடரியின் உடல் முழுவதும் மெல்லிரும்பு. வாயை மட்டும் பிளந்து, அதனிடையே எஃகுத் துண்டொன்றைச் செருகிக் காய்ச்சி அடித்து ஒட்டிவிடுவர். உடல் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும்; வாய் வெட்டும். எஃகு அருமையாகவும் இரும்பு எளிதாகவும் கிடைத்த காலத்தில் இது சிக்கனமும் ஆயிற்று. ஐரோப்பியக் கொல்லரும் சப்பானிய வாள் செய்வோரும் இதே வழியைப் பல வகையாகக் கையாண்டிருக்கின்றனர்.

அந்த அருமையான எஃகு எங்கிருந்து வந்தது? தமிழகத்தில் கொங்கு நாட்டுக் கொடுமணலில் நிகழ்ந்த அகழாய்வுகள் இரும்புருக்கு உலைகளையும் எஃகு செய்த சான்றுகளையும் வெளிப்படுத்தியுள்ளன. சேலத்துக் கஞ்சமலை இரும்புத்தாதுக்குப் பெயர்பெற்றது. தென்னிந்தியாவில் எஃகு செய்த முறையைப் பிரான்சிசு புக்கானன் 1800, 1801ஆம் ஆண்டுகளில் நேரிற் கண்டு எழுதிவைத்தார். களிமண்ணாலான மூசையிலே மெல்லிரும்புத் துண்டுகளை இட்டு, உலர்ந்த ஆவாரங் குச்சிகளையும் பச்சிலைகளையும் சேர்த்து, வாயை மண்ணால் மூடி, கரிநெருப்பில் வைத்துத் துருத்தியால் மணிக்கணக்காக ஊதுவர். மரத்திலுள்ள காபன் இரும்பிலே ஏறி, இரும்பு உருகி, ஆறும்போது சிறு கட்டியாகத் திரளும். கன்னடத்தில் 'உக்கு' என்றும் தமிழில் 'உருக்கு' என்றும் வழங்கிய இப்பொருளே மேனாட்டார் வாயில் 'வூட்சு' என்று திரிந்தது என்பர்.

இலங்கையிலும் இக்கலை தழைத்திருந்தது. 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அறிஞர் அல்கிந்தி வாள்களைப் பற்றி எழுதிய நூலிலே, சரந்தீபு எனப்பட்ட இலங்கையின் எஃகைப் பெயர் சுட்டிக் கூறுகிறார். அது கேள்விச் செய்தியாக மட்டும் இருந்திருக்கலாம் என்று ஐயுறுவோர்க்கு விடை, பதினொரு நூற்றாண்டு கழித்து மண்ணுக்குள்ளிருந்து வந்தது. பலாங்கொடையை அடுத்த சமனலவெவப் பகுதியில், நீர்த்தேக்கம் அமைக்கப்பட்ட வேளையில், கில் யூலெவ் என்னும் ஆங்கிலத் தொல்லியலறிஞர் ஆய்வு நடத்தினார். மலைச் சரிவுகளில் மேற்கு நோக்கி அமைந்த உலைக்களங்கள் எழுபதுக்கும் மேற்பட்டன காணப்பட்டன. அவை 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரையான காலத்தவை. அவ்வுலைகளுக்குத் துருத்தி இல்லை. ஆடி ஆவணியில் ஓயாமல் வீசும் தென்மேற்குப் பருவக்காற்றே துருத்தி. இவ்வாறு நல்லுலோகம் பெற இயலுமா என்று வினவியோர்க்காக, 1994ஆம் ஆண்டில் அதே இடத்தில் அதே அமைப்பில் உலை கட்டி எரித்துப் பார்த்தனர். காபன் மிகுந்த எஃகு நேரே உலையிலிருந்து கிடைத்தது. 1996இல் 'நேச்சர்' என்னும் அறிவியல் ஏட்டில் இச்செய்தி வெளியாயிற்று.

இலங்கை எஃகின் உட்குணத்தை அதற்கு முன்பே ஆராய்ந்தவர் செஃபீல்டு நகரத்து உலோக அறிஞர் சேர் றொபேட் ஹட்பீல்டு. மாங்கனீசு எஃகைக் கண்டறிந்தவர் அவர். உரத்திற்கே பெயர்போன எஃகு அது. 1912ஆம் ஆண்டில் கொழும்பு அரும்பொருட்சாலையிலிருந்து பெற்ற பண்டைய உளி, ஆணி, வெட்டுக்கத்தி ஆகியவற்றை அவர் பகுத்தாய்ந்தார். சிகிரியாவில் கிடைத்த உளியிலே காபன் ஏற்றப்பட்டதற்கும், நீரில் தோய்க்கப்பட்டதற்கும் அடையாளம் இருந்தது. கல்லைக் கொத்தும் உளிக்கு வன்மை தேவை என்பதையும், அதை எவ்வாறு உண்டாக்குவது என்பதையும் அக்காலக் கொல்லன் அறிந்திருந்தான் என்பதற்கு அந்த உளியே சாட்சி.

இனி நல்லூருக்கு மீள்வோம். ஆரியச்சக்கரவர்த்திகளின் தலைநகராக விளங்கிய நல்லூர், போர்த்துக்கேயரின் படையெடுப்பை மும்முறை கண்டது. 1560இல் கொன்சுதந்தீனு பிரகன்சா நகரைக் கைப்பற்றிப் பின்னர் விட்டு நீங்கினான். 1591இல் பூர்தாடு படையுடன் வந்தபோது மன்னன் கொல்லப்பட்டான். 1619இல் பிலிப்பு ஒலிவேறாவின் படையின் முன் சங்கிலி குமாரனின் ஆட்சி வீழ்ந்தது; மன்னன் கோவைக்கு, அதாவது போர்த்துக்கேயரின் கோவா நகருக்கு, கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டான். கோயில் இடிக்கப்பட்டது, ஆட்சிபீடம் யாழ்ப்பாணப் பட்டினத்துக்கு மாறியது. வாளுக்கும் வேலுக்கும் உரிய காலம் துவக்கின் வருகையால் உலகெங்கும் மங்கிவந்த வேளை அது. ஒல்லாந்தர் ஆட்சிக் காலத்தில், 1734ஆம் ஆண்டளவில் மீண்டும் கோயில் எழுந்தது. அரசனுடைய வாள் போயிற்று. கோயிலின் வேல் நிலைத்தது. அரண்மனைக்குப் படைக்கலம் அடித்த உலைகள் அவிந்த பின்னரும், பாளைக்கத்தியும் கோடரியும் கொழுவும் அடித்த உலைகள் அவியவில்லை. உழவும் மரமும் உள்ளவரை அவை வேண்டப்பட்டன.

அவ்வுலைகளுக்கு வந்த இரும்பு மட்டும் மாறியது. அந்த மாற்றத்தின் வரலாறு வியப்பும் வருத்தமும் ஒருங்கே தருவது. 1794ஆம் ஆண்டில் பம்பாயிலிருந்து மருத்துவர் எலெனசு இசுக்கொட், வூட்சுக் கட்டிகளை இலண்டன் றோயல் சங்கத் தலைவர் சேர் யோசேப்பு பாங்சுக்கு அனுப்பினார். மறு ஆண்டே சோர்ச்சு பியர்சன் அவற்றைப் பற்றிச் சங்கத்தின் முன் ஆய்வுரை வழங்கினார். சத்திரவைத்தியக் கருவிகள் செய்வதில் வல்லவரான சேமிசு இசுட்டொடாட் என்பவர், கூர்க்கருவிகளுக்கு இதனினும் மேலான எஃகு இல்லை என்று போற்றினார். ஆனால் ஆங்கிலக் கொல்லர் பலர் அதனை அடிக்க முனைந்தபோது, அது சம்மட்டியின் கீழ்ப் பொடிப்பொடியாகச் சிதறியது.

காரணம் எஃகின் குறையன்று, சூட்டின் மிகுதி. வூட்சில் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்குவரை காபன் உண்டு. அத்தகைய எஃகைக் கடுஞ்சூட்டில் அடித்தால் நொறுங்கும். மங்கிய செந்நிறத்தில், பொறுமையாக, சிறு சிறு அடிகளால் மட்டுமே பணியும். மேனாட்டார் தம் மெல்லிரும்புக்குப் பழகிய வெண்சூட்டை அதற்குக் காட்டினர். எஃகு கப்பலேறிச் சென்றது. அதன் பதம் அறிந்த கொல்லன் உடன் செல்லவில்லை.

கொல்லன் ஒருவரின் மகனாகிய மைக்கேல் பரடே 1819இல் இந்த வூட்சைப் பகுத்தாய்ந்தார். அதன் சிறப்புக்குக் காரணம் அலுமினாவும் சிலிக்காவுமே என்று அவர் எண்ணியது தவறாயிற்று. எனினும் இசுட்டொடாட்டுடன் சேர்ந்து வேறு உலோகங்களை எஃகிற் கலந்து அவர் செய்த சோதனைகள், பிற்காலக் கலப்பெஃகு ஆராய்ச்சிக்கு முன்னோடிகளாயின. பாரிசு நகரில் பிறெயான் என்பவரே, சிறப்பின் இரகசியம் காபனில் உள்ளது என்று 1820களில் தெளிவுறக் காட்டினார். வூட்சில் மிகுதியான காபன், இரும்போடு கூடி இரும்புக் காபைட்டு என்னும் மிக வன்மையான துகள்களாகப் பிரிந்து நிற்கிறது. மென்மையான இரும்பின் நடுவே வன்மையான துகள்கள் அணியணியாகப் பரவி நிற்பதே, தமசுக்கு வாள்களின் நீரோட்டம் போன்ற கோலம். அணிவகுப்புக்கு வனேடியம் போன்ற உலோகங்கள் மிகச் சிறிதளவு கலந்திருப்பதும் காரணம் என்பதை அமெரிக்க ஆய்வாளர் வெரோவனும் வாள் செய்வோரான பென்றேயும் 1990களில் செய்துகாட்டினர்.

இதிலிருந்து ஓர் உண்மை புலனாகும். நம் முன்னோர் எஃகு எல்லா வகையாலும் ஒப்புயர்வற்றது என்று பாராட்டுவோரும் உண்டு; அது வெறுங்கதை என்று ஒதுக்குவோரும் உண்டு. இரு கூற்றும் பொருந்தா. கூர் நிற்பதில் அது உயர்ந்தது. ஆனால் உரத்தில் அதற்கு எல்லை உண்டு. அந்த எல்லையை அறிந்து, குறைந்த சூட்டில் அடித்து, வேண்டிய இடத்தில் மட்டும் வைத்துப் பயன்படுத்திய கொல்லரின் அறிவே அதனைப் புகழ்பெறச் செய்தது.

அந்த அறிவுக்கு நேர்ந்தது என்ன? செஃபீல்டில் பெஞ்சமின் உண்ட்சுமன் 1740களில் மூசையெஃகு செய்யத் தொடங்கினார். 1856இல் என்றி பெசமர் எஃகை மலிவாகப் பெருக்கும் வழியை வெளியிட்டார். மலிவான ஆங்கில இரும்பு துறைமுகங்களில் வந்து குவிந்தது. உள்நாட்டு உலைகள் ஒவ்வொன்றாய் அவிந்தன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் தலைவராயிருந்த ஆனந்த குமாரசுவாமி, அழிந்துகொண்டிருந்த இக்கலையைத் தேடிச் சென்றார். யாழ்ப்பாணத் தமிழ் மரபில் வந்த சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தர் அவர். பலாங்கொடைப் பகுதியில் பழைய தொழிலை நினைவில் வைத்திருந்த முதியோர் சிலரே எஞ்சியிருந்தனர். அவர்களைக்கொண்டு மீண்டும் எஃகு செய்வித்து, குழாய் வடிவான மூசையையும் அதில் இடும் ஆவார மரத்தையும் உலையையும் கண்டபடி எழுதி, 1908இல் வெளியான தம் நூலில் சேர்த்தார். அவர் சற்றுப் பிந்தியிருந்தால் அந்தச் செயன்முறையைச் சொல்ல ஒருவரும் இருந்திருக்கமாட்டார்.

மேனாட்டிலோ, கொல்லன் கண்ணால் அளந்தவற்றைக் கருவியால் அளக்கும் முயற்சி அதே காலத்தில் வலுப்பெற்றது. ஊசல் ஒன்றை வீசி மாதிரித் துண்டை உடைத்து, உடைக்கச் செலவான ஆற்றலை அளக்கும் முறையைப் பிரெஞ்சு அறிஞர் சோர்ச்சு சார்ப்பி 1901இல் விளக்கினார். அது உரத்தின் அளவு. கூரிய முனையொன்றை அமிழ்த்தி, அது இறங்கும் ஆழத்தைக்கொண்டு வன்மையை அளப்பது றொக்குவெல் முறை. கத்தியின் கூர் எவ்வளவு காலம் நிற்கும் என்பதை, மணல் கலந்த அட்டைகளை ஒரே சீராக வெட்டவைத்துக் கணக்கிடும் பொறியும் செஃபீல்டில் பின்னாளில் உருவாயிற்று. இவ்வளவு அளவைகள் வந்த பின்னரும் அடிப்படை மாறவில்லை. வனேடியக் காபைட்டு மிகுந்த எஃகு கூரை நெடிது காக்கும். அதன் உரம் குறையும். காபைட்டுத் துகள்கள் பெரியனவாயின் விரிசல் அங்கிருந்தே தொடங்கும். ஆகையால் உலோகத்தை முதலில் நுண்தூளாக்கி, அழுத்தி ஒன்றாக்கி, துகள்களைச் சிறிதாக்கும் முறையை இக்காலத்தார் கையாள்கின்றனர். பகை முற்றாகத் தீரவில்லை. எல்லை சற்று விலகியிருக்கிறது.

கிராமத்துக் கொல்லன் பட்டறையிலும் அதே கணக்குத்தான் வேறு வடிவில் நடக்கிறது. கழிந்துபோன லொறியின் விற்தகடு அங்கே வெட்டுக்கத்தியாகவும் கோடரியாகவும் மாறும். அதில் காபன் ஏறத்தாழ நூற்றுக்கு 0.6 பங்கு, அதிர்ச்சியைத் தாங்கவே செய்யப்பட்ட எஃகு அது. தேய்ந்த அரமோ சிறு கத்தியாகும். அரத்தில் காபன் ஒரு பங்குக்கும் மேல். அதன் வாய் நெடுநாள் கூர் காக்கும், ஆனால் கல்லில் விழுந்தால் சிதறும். இவ்வெண்களை அறியாமலே, பொறி பறக்கும் விதத்தையும் அரத்தின் ஒலியையும் கொண்டு எது எதற்கு உதவும் என்று கொல்லன் பிரித்து வைக்கிறான்.

சமனலவெவ உலைகளின் கதையை மண் காத்துத் தந்தது. அளுத்நுவர முதியோரின் அறிவை ஒருவர் கேட்டு எழுதியமையால் அது காலத்தை வென்றது. தாதில்லாத குடாநாட்டில் பன்னூறாண்டு பதம் பார்த்த கொல்லரின் அறிவோ மண்ணில் புதைந்து கிடைப்பதன்று. ஏட்டில் ஏறியதும் மிகக் குறைவு. அது கையிலும் கண்ணிலும் வாழ்வது. கை ஓய்ந்தால் மறைவது. பாளைக்கத்திக்கு எந்த நிறத்தில் நிறுத்துவது, கோடரிக்கு எவ்வளவு எஃகு வைப்பது என்று இன்னும் சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவைத்தால், பின்வருவோர்க்கு அது உளியும் ஆணியும் பேசுவதைவிடத் தெளிவாகப் பேசும். நல்லூரில் வேலை வணங்கித் திரும்பும் மக்கள், அத்தகைய வேலை வடித்த கைகளையும் ஒருகணம் எண்ணிப் பார்ப்பது தகும்.